பனை நூறு பாட்டும் பின்னிச் சட்டையும்

போன வருடம் சென்னைக்குப் போயிருந்தபோது வியாசர்பாடியில் அத்தை வீட்டில் தங்கினேன். அத்தை பர்மாவில் பெகு என்ற ஊரில் பிறந்தவர். பர்மாவில் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, 1964இல் கப்பல் ஏறிப் போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நாள் ராத்திரி தெருமுனையில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். அத்தை மெதுவாக எதையோ முணுமுணுத்தார். பர்மியப் பாட்டு. சொற்கள் பாதி மறந்துவிட்டன, ராகம் அப்படியே இருந்தது. "பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா சொல்லிக் குடுத்தது. மேல மறந்துபோச்சு. நீ அங்கேயே இருக்கியேடா, நீ பாடு கேப்போம்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ரங்கூனில் பிறந்து நாற்பத்துமூன்று வருடம் அங்கேயே வாழ்கிறவன் நான். சினிமாப் பாட்டு நூற்றுக்கணக்கில் தெரியும், திருப்புகழ் பார்க்காமல் பாடுவேன், பஜனையில் மிருதங்கம் வாசிப்பேன். பன்னிரண்டு வயதில் ஊரை விட்டுப் போன அத்தையிடம் அந்த ஊர்ப் பாட்டு இருக்கிறது, என்னிடம் இல்லை. அது எனக்கு மிகவும் வலித்தது. திரும்பி வந்ததும் கற்றுக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன். அப்போதிருந்து ஒரு நோட்டில் குறித்து வந்ததுதான் இது.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சயாமா இருக்கிறார். சயாமா என்றால் ஆசிரியை. எழுபது வயதைத் தாண்டியவர், குழந்தைகளுக்குப் பத்தலா சொல்லிக் கொடுக்கிறார். படகு மாதிரி வளைந்த மரப்பெட்டியின் மேல் 24 மூங்கில் பட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் வாத்தியம் அது. இரண்டு குச்சிகளால் தட்டி வாசிக்க வேண்டும். பர்மிய சங்கீதம் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குவார்கள். அத்தையின் ராகத்தை அவர் முன்னால் வாயால் பாடிக் காட்டினேன். இரண்டாவது அடியிலேயே அவர் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். "தான் தயா" என்றார். பனை நூறு என்று பொருள். ச்சோ என்கிற வகைப் பாட்டுகளில் முதல் பாடமே அதுதானாம். நமக்கு சரளி வரிசை எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. பனை என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பாட்டு பாதி நம்முடையது ஆகிவிட்டது போல இருந்தது எனக்கு.

பத்தலாவைத் தொட விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. முதல் ஆறு வாரம் 'சி'யும் 'வா'வும் மட்டும்தான். சி என்பது நம் கைத்தாளம் போன்ற சின்ன ஜால்ரா, வா என்பது பிளந்த மூங்கில் கட்டை. பாடுகிறவரே ஒரு கையில் சி, மறு கையில் வா பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டு பாட வேண்டும். மிருதங்கக்காரனுக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஆனால் மிகவும் கஷ்டப்பட்டது இந்த இடத்தில்தான். நம் தாளத்தில் கனம் முதல் அடியில் விழும். சமத்தில் கால் ஊன்றிக்கொண்டு கிளம்புவோம். இங்கே கனம் கடைசியில் இருக்கிறது. சி லேசாக ஒலித்து வழிகாட்டிக்கொண்டே போகும், வாக்கியம் முடியும் இடத்தில் வா விழுந்து மூடும். பாட்டு அந்த இடத்தை நோக்கி நடந்து போகிறது. நான் ஒவ்வொரு முறையும் வா விழுந்த இடத்தைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரியை அவசரமாகப் பிடித்தேன். சயாமா ஒன்றும் திட்டவில்லை. என் கையை மெல்லப் பிடித்து நிறுத்திவிட்டு மூச்சு விடச் சொன்னார். வா விழுந்ததும் ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் அடுத்த வரி.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மின்வெட்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அது பிடிபட்டது. எண்ணாமலே கை வந்து விழுந்தது. அன்றைக்கு நோட்டில் எழுதியது ஒரே வரிதான்: "வா வந்துவிட்டது."

அதற்கப்புறம் பத்தலா. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவரிடம் பழையது வாங்கினேன். வீட்டு ஆர்மோனியத்தோடு வைத்துப் பார்த்தால் சேரவே இல்லை. வாத்தியம் கெட்டுவிட்டது என்று பயந்து சயாமாவிடம் சொன்னேன். பழைய பத்தலாக்களின் சுருதியே வேறு என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. நம் கணக்கில் சொன்னால் காந்தாரமும் நிஷாதமும் கொஞ்சம் இறங்கியிருக்கும், மத்தியமம் கொஞ்சம் ஏறியிருக்கும். இப்போது செய்கிறவற்றில் பல பியானோ சுருதிக்கே வருகின்றன. எனக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது. அந்த இறங்கிய காந்தாரத்தில் ஒரு ஏக்கம் இருக்கிறது, அதை ஆர்மோனியத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஆனாலும் ஒரு பட்டை நிஜமாகவே சரியில்லை. இடமிருந்து ஒன்பதாவது. இறங்கிப் போயிருந்தது. சுருதி ஏற வேண்டும் என்றால் மூங்கிலை மெலிதாக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டு, திருப்பிப் போட்டு அடிப்புறத்தில் நடுவே சின்னக் கத்தியால் சுரண்டினேன். தட்டினால் இன்னும் இறங்கியிருந்தது. மறுபடி சுரண்டினேன். இன்னும் இறங்கியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சயாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் கை வைக்கவே இல்லை. அடிப்புறத்தில் இரண்டு முனைகளிலும் ஒரு நகக்கண் அளவு சீவி, ஊதி, தட்டினார். ஏறியது. இன்னும் ஒரு சீவல். சரியான இடத்துக்கு வந்துவிட்டது. நடு மெலிந்தால் மூங்கில் தளர்ந்து மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். முனைகளில் எடை குறைந்தால் வேகமாக அதிரும், ஏறும். அந்த ஒன்பதாவது பட்டையின் அடியில் என் கத்தித் தடமும் அவர் கத்தித் தடமும் இப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நாலாவது மாதத்தில் பக்கத்துப் பேட்டையில் பையன்களைச் சின்ன பிக்குகளாக்கும் சாமணேரர் சடங்கு நடந்தது. சைங் வைங் என்கிற பர்மிய வாத்தியக் குழு வந்திருந்தது. எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அன்று வாசிப்பு தொடங்குவதற்கு முன்பே போய் நின்றேன். 21 முழவுகளை வட்டமாகத் தொங்கவிட்டு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றின் தோலிலும் ஒரு பசையை அப்பி, தட்டி, கொஞ்சம் வழித்து, மறுபடி தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சோறும் சாம்பலும் பிசைந்த பசை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி நானும் இதைத்தானே செய்கிறேன்! ஒவ்வொரு முழவும் ஒரு ஸ்வரம், மெட்டையே முழவில் வாசிக்கிறார்கள். முடிந்ததும் அவரிடம் போய் நானும் முழவு வாசிக்கிறவன் என்று சொன்னேன். என் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

உடைக் கதை இதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் போலப் பச்சை லோஞ்சியும் வெள்ளைச் சட்டையும்தான் போட்டேன். லோஞ்சி என்றால் நம் கைலி மாதிரி. வேலைக்குப் போன நாளிலிருந்து பேன்ட்; லோஞ்சி வீட்டோடு, தூங்குவதற்கு. சயாமா முன்னால் பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்து வாசிக்க முடியவில்லை என்றுதான் முதலில் லோஞ்சிக்குத் திரும்பினேன். ஒன்று வாங்கலாம் என்று போஜோக் மார்க்கெட்டுக்குப் போனால், கடைக்காரம்மா எந்த ஊர் நெசவு வேண்டும் என்று கேட்டார். மோன் கட்டமா, கச்சினா, ரக்கைனா, யோவா? எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தவனுக்கு அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து மடியில் போட்டுக் காட்டினார். மோனின் சிவப்புக் கட்டம், கை வைத்தால் நெசவு தட்டுப்படும் ரக்கைன் துணி. ஒரு வகைக் கட்டம் போட்ட லோஞ்சிக்கு இங்கே பலேகாட் என்று பெயர். நம் பழவேற்காடுதான் அது. சோழமண்டலக் கரையிலிருந்து துணியோடு கப்பலேறி வந்த பெயரை நான் இத்தனை வருடம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஊர் என்று தெரியாமல்.

நான் யோ லோஞ்சி வாங்கினேன். காரணம் இருக்கிறது. 1920களிலும் 30களிலும் வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்தவர்கள், அந்நியத் துணி வேண்டாம் என்று யோ லோஞ்சியும் பின்னிச் சட்டையும் போட்டார்கள். பின்னி என்பது மங்கிய காவி நிறத்தில் கையால் நெய்த பருத்தித் துணி. இதை வீட்டில் சொன்னதும் அம்மா, "உங்க தாத்தா இதே தெருவுல கதர் கட்டிக்கிட்டு நடந்தவரு" என்றார். காந்தி 1929இல் ரங்கூனுக்கு வந்தபோது தாத்தா கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாராம். ஒரே தெருவில் கதரும் பின்னியும் நடந்திருக்கின்றன.

சரி, பின்னியில் தைப்போன் நானே தைப்பது என்று தீர்மானித்தேன். தைப்போன் என்பது காலர் இல்லாத மேல்சட்டை. அப்பா தையல்காரர், அவருடைய மிஷின் இன்னும் ஓடுகிறது. முதல் சட்டையை ஆசையாகத் தைத்து முடித்து, ஒரு தடவை துவைத்ததும் கை மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிட்டது. கைத்தறியை ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டை இப்போது மகளிடம் இருக்கிறது, அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாவதுக்கு நனைத்துக் காயவைத்தேன். தையல் ஒன்றும் சிரமமில்லை, பித்தான்தான் படுத்திவிட்டது. துணியையே கயிறாகத் தைத்து அதை முடிச்சாகப் போட வேண்டும். கயிற்றை விரலில் இரண்டு வளையம் சுற்றி, முனையைக் கீழிருந்து நுழைத்து, நடுவில் மேலே எடுத்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அவசரப்பட்டால் சப்பையாகிவிடும். ஐந்து பித்தானுக்கு மூன்று ராத்திரி. ஐந்தாவது உருண்டையாக, மிளகுருண்டை மாதிரி வந்தது. மற்ற நாலையும் அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டேன்.

ஒரு வேலையாக மண்டலே போனபோது அமரபுரத்துக்கும் போய் வந்தேன். அச்சேய்க் பட்டு நெய்யும் தறி. லுன்தயா என்று சொல்கிறார்கள், நூறு நாடா என்று அர்த்தம். ஒரு தறியில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டிக் குட்டி நாடாக்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் கோத்துக்கொண்டே போனார்கள். துணியில் அலை அலையாக வண்ணம் ஏறியது. நான் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. அவர்கள் பேசவும் இல்லை. என் கல்யாணத்தில் என் மனைவி காஞ்சிபுரம் கட்டினார், அது சென்னையிலிருந்து வரவழைத்தது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தோடு ஒரு லுன்தயாவும் எடுக்க வேண்டும் என்று அந்தத் தறிமுன் நின்றுதான் நினைத்தேன். மனைவியிடம் சொன்னேன், பணத்தை இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள் என்றார்.

மகளுக்குப் பதினான்கு வயது, அவள் உலகம் முழுக்கக் கொரியப் பாட்டு. அவளை நான் கூப்பிடவில்லை. தினமும் காதில் விழுந்து விழுந்து, ஒரு நாள் அவளாகவே சியையும் வாவையும் எடுத்தாள். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது அவளுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், இந்த ஊர்ப் பிள்ளைகளோடு வளர்கிற காது அது.

இப்போது ஏழாவது மாதம். தான் தயா முழுக்க வருகிறது. இரண்டு கையும் எட்டு ஸ்வர இடைவெளியில் ஒன்றாக விழ வேண்டிய இடங்களில் இடது கை இன்னும் ஒரு மயிரிழை பிந்துகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். பின்னித் தைப்போனும் யோ லோஞ்சியுமாக உட்கார்ந்தேன், மகள் பக்கத்தில் தாளத்தோடு. முதல் வரி வாசித்ததும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது வரியில் சேர்ந்து பாடினார். அறுபது வருடமாக மறந்துபோன சொற்கள் ஒவ்வொன்றாக அவர் வாயில் வந்துகொண்டிருந்தன. மூன்றாவது வரி முடிவில், வா விழ வேண்டிய இடத்தில், ஃபோன் வழியாக வரும் சத்தம் கொஞ்சம் பிந்தினாலும், அவர் நிறுத்தி, மூச்சு விட்டு, காத்திருந்தார். நான் ஐந்து வாரம் கஷ்டப்பட்டுப் படித்த அதே மூச்சு.

முடிந்ததும், "நாலாவது வரில ஒரு வளைவு இருக்கும்டா, நீ நேரா போயிட்ட. அந்த அக்கா இப்படிப் பாடுவாங்க" என்று பாடிக் காட்டினார். சயாமா எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் அந்த வளைவு இல்லை. பெகுப் பக்கம் அப்படிப் பாடுவார்களா, அந்த அக்காவின் சொந்தக் கையா என்று தெரிய வேண்டும். அத்தை பாடியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சயாமாவிடம் போட்டுக் காட்டப் போகிறேன்.