ஒரு பெயருக்கு மட்டும் இடமுள்ள படிவம்: பத்தமடைப் பாய்க்கு விருது கேட்ட அனுபவம்

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி வட்டாரத்தில் இ-சேவை மையம் நடத்தி வரும் எனக்குப் பத்தமடையின் கோரைப்பாய் நெசவுப் பெண்கள் நெடுநாள் பழக்கம். ஆதார் திருத்தம், குடும்ப அட்டை, முதியோர் ஓய்வூதியம் என்று ஏதேனும் ஒரு வேலையாக வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு, தெருவே 'லாத்தா' (அக்கா) என்று அழைக்கும் ஒரு மூத்த நெசவாளருக்கு, மாநில விருதுக்கு விண்ணப்பிக்கத் துணை நின்றதையும், அதைத் தொடர்ந்து அவர் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு அமைந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு இது பயன்படலாம்.

முதலில், எந்த விருதுக்கு விண்ணப்பிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மத்திய அரசின் கைவினைஞர் தேசிய விருது 1965-ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படுகிறது. 30 வயதைக் கடந்த, பத்தாண்டு அனுபவமுள்ள கைவினைஞர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் மேலே, 2002-இல் தொடங்கப்பட்ட சில்ப் குரு விருது இருக்கிறது. அது 50 வயதைக் கடந்த பெருங்கலைஞர்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் பூம்புகார் என்று எல்லாரும் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் மாநில அளவில் இரண்டு விருதுகளை நடத்துகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாழும் கைவினைப் பொக்கிஷம் விருது. மற்றவர்களுக்குப் பூம்புகார் மாநில விருது. லாத்தாவுக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை என்பதால் பொக்கிஷம் விருதுக்கு வழியில்லை. தேசிய விருதுக்கு நேரடியாகவே விண்ணப்பித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மாநில அளவில் ஒருமுறை ஆவணங்களைத் திரட்டிவிட்டால், பின்னர் அதே கோப்பை மேலே எடுத்துச் செல்வது எளிது என்பது என் கணக்கு. இன்றைக்கும் நான் எவருக்கும் இதையே சொல்வேன்.

தொடக்கத்திலேயே வந்து நின்ற சிக்கல், பாய் கைத்தறியா கைவினையா என்ற கேள்வி. தறியில் நெய்யப்படுவதால் இது கைத்தறித் துறைக்கு உரியது என்று ஓர் அலுவலகத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். கைத்தறி நெசவாளர்களுக்குச் சந்த் கபீர் விருது முதலியவை தனியே உண்டு. ஆனால் அவை நூலையும் பட்டையும் கொண்டு துணி நெய்பவர்களுக்கானவை. கோரைப்பாயில் நீளவாட்டில் ஓடும் பாவு மட்டுமே நூல், குறுக்கே ஓடும் ஊடையோ புல். ஆகவே அது கைவினைப் பொருள்களின் பட்டியலில்தான் வருகிறது. இதை வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட, 'பத்தமடைப் பாய்' 2013-இல் புவிசார் குறியீடு பெற்றதற்கான பதிவை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோவது பலன் தந்தது. அதற்குப் பிறகு எந்த மேசையிலும் இந்தக் கேள்வி எழவில்லை.

அடுத்து அடையாள அட்டை. கைவினைஞர்களுக்கு மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் ஆணையர் அலுவலகம் வழங்கும் 'பெஹ்சான்' அட்டை இல்லையென்றால் மேற்கொண்டு எந்தத் திட்டத்துக்குப் போனாலும் தடைதான். அது ஆதாருடன் இணைக்கப்பட்டது. லாத்தாவின் ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வேறொரு பெயர், குடும்ப அட்டையில் கணவர் பெயரோடு இன்னொரு பெயர். இவற்றை ஒன்றாக்குவது என் அன்றாடத் தொழில் என்பதால் விரிவாகச் சொல்லப்போவதில்லை. விருது அறிவிப்பு வெளிவந்த பிறகு இதைத் தொடங்கினால் கடைசி நாளுக்குள் முடியாது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

உண்மையிலேயே எங்களைத் திணறவைத்தது அனுபவச் சான்று. சிறுமியாக இருந்தபோதே தறியில் உட்கார்ந்தவர் லாத்தா. அதற்குக் காகிதம் எங்கே? அவர் நெய்த பாய்கள் எல்லாம் வியாபாரிகள் வழியாகவோ கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ விற்றுப்போயின. சங்கத்தின் பழைய பதிவேட்டில் சில வரவுகள் இருந்தன. வியாபாரிகளிடம் பில் என்ற ஒன்றே இருந்ததில்லை. கண்காட்சிகளுக்குப் போன பாய்களும் கடைக்காரரின் பெயரிலேயே போயிருந்தன. நாற்பதாண்டு உழைத்தவர் தாளில் நான்கைந்து ஆண்டுக்காரராகத் தெரிந்தார்.

அதற்கு வழி பாயிலேயே இருந்தது. பத்தமடையில் கல்யாணப்பாய் என்றால் மணமகன், மணமகள் பெயர்களையும் திருமண நாளையும் நெசவிலேயே எழுதித் தருவது வழக்கம். 'நான் நெய்த கல்யாணப்பாய் இந்தச் சுத்துவட்டாரத்தில எத்தனையோ வீட்ல இருக்கே' என்று லாத்தா பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவர் நினைவில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனோம். வீரவநல்லூரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து 1987 என்று தேதி நெய்த பாய் இறங்கியது. மேலப்பாளையத்தில் ஒன்று, கல்லிடைக்குறிச்சியில் ஒன்று என 1990-களிலும் 2000-களிலும் நெய்தவை அடுத்தடுத்துக் கிடைத்தன. அந்தந்த வீட்டாரிடம், இந்தப் பாயை இன்னாரிடம் கொடுத்து நெய்தோம் என்று கையொப்பமிட்ட கடிதம் வாங்கி, பாயின் தேதி தெரியும் படத்தோடு இணைத்தேன். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் பின்னர் இந்தக் கோப்பைப் பற்றிச் சிறப்பாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வேறு கைவினைகளிலும் இப்படித் தேடலாம் என்று எண்ணுகிறேன்: கோயில் விளக்கின் அடியில் உபயதாரர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும், மரச்சிற்பத் தேரில் திருப்பணி நடந்த ஆண்டு இருக்கும். செய்தவர் பெயர் இல்லாவிட்டாலும், செய்வித்தவர் உயிரோடு இருந்தால் கடிதம் வாங்கலாம்.

விருதுக்கு எந்தப் பாயை அனுப்புவது என்பதில் லாத்தாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. மயில், மசூதி, கோயில் கோபுரம் என்று கண்ணைக் கவரும் உருவங்களோடு ஒன்று நெய்யலாம் என்று நான் நினைத்தேன். அவரோ அதை ஏற்கவில்லை. உருவத்தை யாரும் போடலாம், மென்மையைத்தான் யாராலும் போட முடியாது என்பது அவர் கட்சி. இரு ஓரங்களில் மட்டும் பதிமுகக் கட்டையின் சிவப்பு ஓட, நடுவே கோரையின் இயற்கை நிறத்திலேயே அமைந்த 120 கவுண்ட் பட்டுப்பாய் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். கவுண்ட் என்பது நுண்மையின் அளவு; எண் கூடக்கூடப் பாய் மெல்லியதாகும். பட்டுபோல மென்மையானதால் பட்டுப்பாய். அவர் சொன்னதே சரியென்று முடிந்த பாயைத் தொட்ட பிறகு எனக்கும் விளங்கியது. சேலையைப்போல மடித்து ஒரு சிறு பைக்குள் வைக்கலாம். விரித்தால் மடிப்பு நிற்காது. 1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அன்பளிப்பாகப் போனதாக ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போனது இப்படிப்பட்ட பாயாகத்தான் இருந்திருக்கும்.

மென்மையின் ரகசியம் தறியில் இல்லை. தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைப் பச்சையிலேயே கிழித்துக் காயவைத்து, பின் ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அது பருத்து ஊதி வந்ததும் எடுத்து உலர்த்தி, உள்ளிருக்கும் சோற்றை (மென்சதையை) நீக்கி, மேல்தோலை மட்டும் கத்தியால் மறுபடி மறுபடி கிழித்து நூல்போல ஆக்க வேண்டும். சாதாரணப் பாய்க்கு இவ்வளவு வேண்டியதில்லை. 100 கவுண்டுக்கு மேலே போகும் பாய்க்கோ, நெசவாளர் ஒருநாள் நெய்யும் அளவுக்குக் கோரை கிழிக்க இன்னொருவர் அதைவிடக் கூடுதல் நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. லாத்தாவின் வீட்டில் அந்த வேலை அவருக்கு மச்சி முறையாகும் உறவுப் பெண்ணுடையது. அவர் கிழித்த கோரை இல்லாமல் லாத்தாவின் பாய் இல்லை.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது இதைத்தான் லாத்தா கேட்டார்: "தம்பி, நா நெய்யுறது மட்டுந்தானே. கோரையக் கிழிக்கது அவதான. அவ பேர எங்க எழுதுவீய?" படிவத்தில் அதற்கு இடமில்லை. விருது ஒருவர் பெயருக்கு. ஒரு நிழற்படம், ஒரு கையொப்பம், ஒரு வங்கிக் கணக்கு. ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ அது பொருந்தலாம், பாய்க்குப் பொருந்துவதில்லை. செய்முறை விளக்கம் எழுதும் பகுதியில் கோரை கிழிப்பவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் விரிவாக எழுதினேன். மதிப்பெண்ணுக்கு அது உதவாது என்று ஒருவர் எச்சரித்தார். உதவட்டும், உதவாமல் போகட்டும். எழுதாமல் விட்டால் லாத்தா கையொப்பமிட்டிருக்க மாட்டார்.

படம் எடுப்பது பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. நுண்மையான பாயைத் தூரத்திலிருந்து எடுத்தால் சந்தையில் விற்கும் விசைத்தறிக் கோரைப்பாய்க்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே பாயின்மேல் அளவுகோலை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கோரை இழைகள் என்று எண்ணிப் பார்க்கும் நெருக்கத்தில் எடுத்தேன். மடித்த நிலையில் ஒன்று, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒன்று. இவை தவிர, ஊறவைப்பது முதல் ஓரம் தைப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு படங்கள்; வேறொருவர் செய்த பொருளைத் தம்முடையது என்று காட்டுபவர்களும் உண்டு என்பதால், வேலை நடக்கும்போதே எடுத்த படங்களுக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

விருது கிடைத்தது. 50,000 ரூபாயும், நான்கு கிராம் தங்கப் பதக்கமும், தாமிரப் பத்திரமும், சான்றிதழும் சென்னையில் வழங்கினார்கள். பணத்தில் பாதியை லாத்தா மச்சியிடம் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. விருதால் பாயின் விலை உயர்ந்ததா என்றால், வியாபாரியிடம் உயரவில்லை. நேரில் தேடி வந்து கேட்பவர்களிடம் உயர்ந்தது. இன்னொரு பயனை நானே விண்ணப்பங்களைப் புரட்டும்போதுதான் கவனித்தேன்: விருது பெற்ற கைவினைஞர்கள் 60 வயதைக் கடந்து, வருமானமும் குறைவாக இருந்தால் மத்திய அரசின் மாதாந்திர நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். முதுமையில் கண்ணும் விரலும் ஒத்துழைக்காத ஒரு தொழிலில், சுவரில் மாட்டும் சான்றிதழைவிட இதுவே பெரிது என்பேன்.

இதைவிட முக்கியமாக நான் கருதியது கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு. தேர்ந்த கைவினைஞரைக் குருவாக வைத்து, பயிற்சிக்கு வருபவர்களுக்கு நாள்படி கொடுத்து நடத்தும் குரு-சிஷ்யப் பயிற்சித் திட்டம் கைவினைப் பொருள்கள் ஆணையர் அலுவலகத்திடம் இருக்கிறது. லாத்தாவின் விருது அதற்கான கதவைத் திறந்தது. ஆனால் பயிற்சித் திட்டத்தை எழுதச் சொன்னபோது, வந்த மாதிரி அட்டவணை முழுவதும் நெசவைப் பற்றியே இருந்தது: தறி கட்டுதல், பாவு ஓட்டுதல், உருவம் போடுதல். பத்தமடையில் நெய்யத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. நுண்மையாகக் கோரை கிழிக்கத் தெரிந்தவர்கள்தான் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். அந்தக் கை நின்றுபோனால் நெசவு தெரிந்து என்ன? ஆகவே பயிற்சி நாள்களில் பெரும்பகுதியைக் கோரை பதப்படுத்தலுக்கும் கிழித்தலுக்கும் ஒதுக்கி, மச்சியைத் துணைப் பயிற்றுநராகக் காட்டி அட்டவணையை மாற்றி எழுதினோம். ஒப்புதல் பெறப் பலமுறை விளக்க வேண்டியிருந்தாலும் இறுதியில் ஏற்றுக்கொண்டார்கள்.

பயிற்சிக்குப் பெண்களைத் திரட்டுவது எளிதாக இல்லை. எங்கள் பக்கத்தில் பீடி சுற்றினால் வாரக்கூலி கைக்கு வந்துவிடும். பாய் முடிந்து விற்கும்வரை காத்திருக்க எந்த வீட்டுக்கும் இயலாது. நாள்படி இருந்தவரை எல்லாரும் வந்தார்கள்; அது முடிந்ததும் பாதிப்பேர் பீடித்தட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியை வெறும் தலை எண்ணிக்கையால் அளப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை. தொடர்ந்து வந்த சிலரை லாத்தா தம் வீட்டிலேயே உட்கார்த்திக்கொண்டார்; அவர்கள் கிழித்த கோரையைக் கவுண்டுக்கு ஏற்றபடி விலை போட்டு அவரே வாங்கிக்கொள்கிறார். வாரக் கடைசியில் கையில் காசு என்ற இந்த ஒரு மாற்றமே அவர்களை நிறுத்திவைத்திருக்கிறது. இது எந்தத் திட்ட வழிகாட்டியிலும் இல்லை.

அவர்களை இப்போதே புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். பாய்க்குக் குறியீடு கிடைத்துவிட்டாலும், தனிப்பட்ட நெசவாளர் தம் பெயரைக் கிண்டியில் உள்ள பதிவகத்தில் சேர்த்தால்தான் அந்த முத்திரையைச் சட்டப்படி பயன்படுத்த முடியும். 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் விண்ணப்பிக்கத் துணை இல்லாததால் பலர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். லாத்தாவுக்கு நேர்ந்த காகிதப் பஞ்சம் இவர்களுக்கு நேராதிருக்க ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறேன். கோரை எங்கே அறுத்தது, எத்தனை கவுண்ட், கிழித்தவர் யார், நெய்தவர் யார், வாங்கியவர் யார், என்ன விலை என்று ஒவ்வொரு பாய்க்கும் அதில் எழுதி, வாங்குபவரிடம் கையொப்பமும் பெறுகிறார்கள். கிழித்தவர், நெய்தவர் என்ற இரண்டு பத்திகளையும் தனித்தனியே போடச் சொன்னவர் லாத்தாதான்.