ஓம், சரி, ம்

2022 மார்ச் கடைசியில், கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த அந்த வாரத்தில்தான் ‘தி ரோட்’ என் மேசைக்கு வந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வேலை இடம். படங்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் சப்டைட்டில் போடுவோம். கரையோர ரயில் போகிற நேரமெல்லாம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும் வரை வேலை, அப்புறம் ஜன்னலோரத்தில் தாளும் பேனாவும்.

படம் 2009இல் வந்தது. ஜோன் ஹில்கோட் இயக்கியது. கோர்மக் மெக்கார்த்தி 2006இல் எழுதிய நாவல்தான் மூலம். உலகம் அழிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. விலங்கு, பயிர் எதுவும் மிச்சமில்லை, மரங்கள் செத்து விழுந்துகொண்டிருக்கின்றன. சாம்பல் நிற வீதியில் ஓர் அப்பாவும் சிறு வயது மகனும் ஒரு கடைத் தள்ளுவண்டியில் தங்கள் உடைமைகளைப் போட்டுக்கொண்டு தெற்கே, கடலை நோக்கி நடக்கிறார்கள். வழியில் மனிதரையே தின்னும் மனிதர்கள். அப்பாவின் கையில் ஒரு துப்பாக்கி, அதில் இரண்டே தோட்டாக்கள். இருவருக்கும் படத்தில் பெயர் கிடையாது.

பெயர் இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயம். பெயர் இல்லாத இடத்தில் கூப்பிடும் முறைதான் உறவைக் காட்ட வேண்டும். மகன் அப்பாவிடம் ‘நீங்கள்’ என்றுதான் பேச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஆனால் அப்பா மகனை என்னவென்று கூப்பிடுவார்? யாழ்ப்பாணத்தில் என் அப்பா என்னை ‘அப்பன்’ என்பார். ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் மட்டும் பெயர். பாதுகாக்கப்படுகிற பிள்ளையையே அப்பன் என்று கூப்பிடும் அந்தப் பழக்கம் இந்தப் படத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவர்களிடமிருந்த எல்லாவற்றையும் ஒருவன் திருடிக்கொண்டு போகிறான். அவனைப் பிடித்து, உடுத்திய துணியையும் உரிந்துவிட்டு அப்பா நடக்கிறார். அதற்குப் பிறகு பையன் அழுதுகொண்டே சொல்கிறான், எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன் தான்தான் என்று. அந்த இடத்தில் ‘அப்பன்’ என்று போட்டேன். மற்ற இடங்களில் ‘தம்பி’.

என்னைத் திணறடித்தது ‘ஓகே’ என்ற சொல். இந்தப் படத்தில் அப்பாவும் மகனும் அதை வைத்தே பேசுகிறார்கள். அப்பா ஒன்றைச் சொல்லி ‘ஓகே?’ என்பார், பையன் ‘ஓகே’ என்பான். முதல் சுற்றில் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று போட்டு முடித்துவிட்டேன். பக்கத்து மேசையில் சிங்களச் சப்டைட்டில் செய்த அக்காவும் ‘ஹரித?’, ‘ஹரி’ என்று போட்டிருந்தார். இரண்டு மொழியிலும் வேலை லேசாக முடிந்தது என்று ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம்.

மறுநாள் சத்தத்தை மட்டும் கேட்டேன், படத்தைப் பார்க்காமல். அப்போதுதான் பையனின் ‘ஓகே’ ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்று காதில் விழுந்தது. ஒன்று விளங்கிவிட்டது என்கிறது. ஒன்று விளங்கவில்லை, ஆனால் உங்களை மேலும் கஷ்டப்படுத்த மாட்டேன் என்கிறது. இன்னொன்றில் அப்பா சொன்னதை அவன் நம்பவேயில்லை. தமிழில் ‘சரி’ இதையெல்லாம் தாங்காது. நாங்கள் ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்போம், ‘சரி’ என்போம், ‘சரிப்பா’ என்போம், பிடிக்காமல் ஒத்துக்கொள்ளும்போது வெறும் ‘ம்’. ஒரு முழு நாள் அந்தச் சொல்லோடேயே போனது. சில இடங்களில் ‘ம்’ என்று மட்டும் போட்டேன். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் ஒவ்வொரு ‘ம்’முக்கும் கீழே சிவப்புக் கோடு இழுத்தது. விட்டுவிட்டேன்.

துப்பாக்கியை எப்போது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சியைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அதைச் செய்த இரவு வீட்டுக்குப் போய் என் மகன் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஏழு வயது.

பேரழிவு எப்படி வந்தது என்று படம் சொல்வதில்லை. கடிகாரங்கள் 1:17க்கு நின்றன, நீண்ட வெளிச்சம், தொடர்ந்து தாழ்ந்த அதிர்வுகள் என்று அப்பாவின் குரல் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த அதிர்வுகளை என் கை தானாகக் ‘குண்டுச்சத்தம்’ என்று தட்டிவிட்டது. அக்கா எட்டிப் பார்த்து, “படத்தில் குண்டு என்று சொல்கிறார்களா?” என்று கேட்டார். சொல்லவில்லை. யுத்தத்துக்குள், ஷெல்லா, கிபிர் விமானமா, பொம்மரா என்று சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லக்கூடிய பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் நாங்கள். என் காது படத்துக்குள் புகுந்துவிட்டது. அழித்துவிட்டு ‘அதிர்வுகள்’ என்றே போட்டேன். காரணம் தெரியாமல் நடப்பதுதான் அந்தப் பையனின் நிலைமை. அதை நான் எடுத்துவிடக் கூடாது.

அந்த இடிபாடுகளில் பலவும் உண்மையானவை. பென்சில்வேனியாவில் கைவிட்ட ஒரு நெடுஞ்சாலையிலும், 2005இல் கத்ரீனா சூறாவளி அடித்த நியூ ஓர்லியன்ஸிலும், எரிமலை வெடித்த சென் ஹெலன்ஸ் மலைப் பக்கமும் போய் எடுத்திருக்கிறார்கள். பார்க்கும்போது மனம் சட்டென்று ஒட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செட் போட்ட அழிவுக்கும் நடந்து முடிந்த அழிவுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

பெரிய சண்டை வந்தது ‘நெருப்பு’ என்ற சொல்லில். நாங்கள் நெருப்பைக் கொண்டு போகிறோம் என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது தங்களுக்குள்ளே இருக்கும் ஒன்று, நல்ல மனிதர்கள் அதை அணைய விடமாட்டார்கள். ‘நெருப்பைச் சுமக்கிறோம்’ என்று எழுதிப் பார்த்தேன். தமிழில் அது வேறெங்கோ போகிறது. பிள்ளையைப் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள், அது பயம். தகப்பனுக்கு முன்னால் மகன் கொள்ளிச்சட்டியோடு நடப்பது கடைசி ஊர்வலம். இந்தக் கதையில் அப்பா இருமிக் கொண்டிருக்கிறார், இரத்தம் வருகிறது, யார் யாருக்கு நெருப்பு எடுக்கப் போகிறார்கள் என்று பார்க்கிற தமிழனுக்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே தெரிந்துவிடும். இது நல்லதா கெட்டதா என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

சரிபார்த்தவர், பேசாமல் ‘நம்பிக்கையை ஏந்திச் செல்கிறோம்’ என்று போடுங்கள் என்றார். மறுத்தேன். காரணம் கடைசிக் காட்சி. தனியாகிவிட்ட பையன் கடற்கரையில் ஒரு அந்நிய மனிதனைச் சந்திக்கிறான். நீங்களும் நெருப்பைக் கொண்டு போகிறீர்களா என்று கேட்கிறான். அந்த மனிதனுக்கு உடனே விளங்குவதில்லை. அப்பாவும் மகனும் தங்களுக்குள் செய்துகொண்ட சொல் அது, வெளியாருக்கு எப்படி விளங்கும்? ‘நம்பிக்கை’ என்றால் யாருக்கும் விளங்கிவிடும், அந்த மனிதன் தடுமாற அங்கே காரணமே இருக்காது. ஒரு வாரம் இழுபறிப்பட்டு ‘நெருப்பை அணையவிடாமல் கொண்டு போகிறோம்’ என்று நின்றது. வரி நீளம்தான், இரண்டு வரியாக மடித்தேன். இப்போதும் அதைத்தான் சரி என்று சொல்வேன்.

அந்த வரியை எழுதும்போது எனக்கு ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் வந்தது. 1995 ஒக்டோபர் 30. எனக்கு எட்டு வயது. யுத்தத்துக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் கிளம்பியது. மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வீதியில் அடி வைக்க இடமில்லை. அப்பாவின் சைக்கிளில் ஒரு அரிசிப் பை, பாய், சட்டி பானை, பாரில் நான். ஹான்டிலில் ஜாம் போத்தல் விளக்கைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கொளுத்தவில்லை, மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. சைக்கிளை மிதிக்கவே முடியாது, தள்ளத்தான் வேண்டும். “இன்னும் கொஞ்சத் தூரம்தான், சரியோ?” என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார் என்பதுதான் 26 வருடமாக என் ஞாபகம். படத்திலுள்ள ஒவ்வொரு ‘ஓகே?’யையும் அந்தக் குரலில்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து அனுப்புவதற்கு முதல் நாள் இரவு, வெளிச்சமில்லாத காலி வீதியால் நடந்து வரும்போது அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் முதலில் கேட்டது, “காஸ் கிடைச்சதோ?” என்று. கிடைக்கவில்லை, வரிசையில் நின்றுவிட்டு வந்தோம் என்றேன். அப்புறம் அந்த இரவைப் பற்றிக் கேட்டேன்.

“நான் எங்க சொன்னனான்?” என்றார். “நீயெல்லோ கேட்டுக்கொண்டு வந்தனி. பத்தடிக்கு ஒருக்கா, அப்பா சரியோ, அப்பா சரியோ எண்டு. என்ர கை நடுங்கினதை நீ கண்டிட்டாய் போல. நான் ஓம் எண்டதைத் தவிர வேற ஒண்டும் சொல்லேல்ல.”

காலையில் மின்சாரம் இருந்த இரண்டு மணித்தியாலத்தில் கோப்பைத் திரும்பத் திறந்தேன். எங்கள் இடத்தில் ‘ஓம்’ போடுவதில்லை, எல்லா ஊராருக்கும் பொதுவாக ‘ஆமாம்’தான். சுகமில்லாமல் படுத்திருக்கும் அப்பாவிடம் பையன் குனிந்து கேட்கும் ஓர் இடத்தில் மட்டும், அப்பாவின் பதிலை ‘ஓம், அப்பன்’ என்று மாற்றினேன். சரிபார்த்தவர் அதில் கை வைக்கவில்லை.