வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக்

நவம்பர் 4

மார்கழிக்குள் வெளிவர வேண்டிய கர்நாடக இசை ஆல்பம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா. ஐந்து கட்டை சுருதி. வெளியே அடைமழை. ஸ்டுடியோவில் புதிதாக வேலை பழகும் இருவருக்காக இந்தக் குறிப்புகள்.

முதல் நாள் பதிவு எதுவும் இல்லை, இரைச்சல் தேடும் வேலைதான். மைக்கைச் செருகி, ப்ரீஆம்பை (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) ஏற்றி, யாரும் இல்லாத அறையை ஹெட்போனில் கேட்க வேண்டும். அடியில் சீராக 'ம்ம்ம்' என்று வந்தால் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் எர்த் இரண்டு வழியில் சுற்றி வருவதால் வருவது. 'ஜ்ர்ர்' என்று கரகரத்தால் இன்வெர்ட்டர், டிம்மர், மலிவான எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம். எல்லாக் கருவிக்கும் ஒரே லைனிலிருந்து கரண்ட் கொடுத்தாலே பாதி இரைச்சல் போய்விடும். மீதிக்கு டிஐ பாக்ஸில் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் இருக்கிறது. பிளக்கில் எர்த் காலை ஒடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரைச்சல் போய்விடும், என்றாவது ஒருநாள் ஆளும் போய்விடுவார்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது பற்றி இன்றும் கேள்வி வந்தது. அது கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், தொப்பியின் (மிருதங்கத்தின் இடக்கைப் பக்கத் தோல்) அடிநாதத்தை ஒன்றும் செய்யாது. அதற்கு 4 அங்குல ராக்வூல், மூலைகளில் அதைவிடத் தடிமனாக.

நவம்பர் 5

சுருதி. ஐந்து கட்டை என்றால் ஜி, ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். பாடகி போனில் வைத்திருக்கும் தம்புரா ஆப், வயலின்காரரின் சுருதிப் பெட்டி, ஸ்டுடியோவின் ட்யூனர் மூன்றும் 'ஜி' என்றே காட்டும், ஆனால் நுண்சுருதிக் குமிழ் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். 5 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) வித்தியாசம் 196 ஹெர்ட்ஸில் அரை ஹெர்ட்ஸைத் தாண்டும். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் இரண்டு நொடிக்குள் ஓர் அலை எழுந்து அடங்குவது காதில் விழும். மேல் ஸ்வரங்களில் அந்த அலை இன்னும் வேகமாக அடிக்கும்.

ஒரே தம்புராப் பெட்டியை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அணைத்தாயிற்று. அதை நேர் லைனில் பத்து நிமிடம் பதிந்து, எல்லோருக்கும் ஹெட்போனில் அதுவே போகிறது. பெட்டியின் குமிழ் மேல் டேப் ஒட்டியாயிற்று. யாராவது துடைக்கிறேன் பேர்வழி என்று திருகிவிட்டால், முதல் நாள் பாடியதும் மூன்றாம் நாள் பாடியதும் ஒட்டாது.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மோனோ டிராக் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. 12 டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் 6 ஜிபிக்குச் சற்று மேல். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று டேக்கின் நடுவில் பார்ப்பது வேலைக்காகாது.

நவம்பர் 6

மிருதங்கம். இன்று முழுக்க இது ஒன்றுதான்.

வலந்தலைக்கு (வலக்கைப் பக்கத் தலை) எஸ்எம்57 மைக், தோலிலிருந்து 20 செ.மீ. தள்ளி. சாதத்தின் (தோலின் நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு) நடுவைக் குறிவைத்தால் 'டப்' என்று தட்டையாக வரும். விளிம்புப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் மீட்டின் (விளிம்பில் விழும், நாதம் நீடிக்கும் அடி) நாதம் கிடைக்கும். தொப்பிக்கு பெரிய டயாஃப்ரம் டைனமிக், 25 முதல் 30 செ.மீ., நேராக இல்லாமல் சாய்த்து. கும்கி (தொப்பியை அழுத்தித் தேய்த்து எழுப்பும் அடிநாதம்) கொடுக்கும்போது தோலுக்கு முன்னால் காற்று தள்ளும். மைக் நேர் எதிரே இருந்தால் அது 'புஸ்' என்று பதிவாகும், பிறகு எந்த ஈக்யூவாலும் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அதை எடுக்க முடியாது.

இப்போது முக்கியமான சிக்கல். வலந்தலையில் அடி விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்கை விட்டு விலகும் அலையே இன்னொரு மைக்கை நோக்கி வருகிறது. இரண்டையும் அப்படியே கூட்டினால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் ஒரு சானலில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தி, மோனோவில் கேட்டு, எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்வது வழக்கம்.

இன்று பொத்தானை அழுத்தியதும் தொப்பி காணாமல் போனது! இருக்க வேண்டியதற்கு நேர்மாறு. அரை மணி நேரம் மைக்கை நகர்த்திப் பார்த்தாயிற்று. கடைசியில் கேபிள். எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளின் மூன்று பின்களில் 1 எர்த், 2 ஹாட், 3 கோல்ட். ஒரு கேபிளை ரிப்பேர் செய்தபோது ஒரு முனையில் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிச் சால்டர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேபிள் இத்தனை நாள் தனியாக ஒரு குரலுக்கு ஓடியதில் எவருக்கும் தெரியவில்லை. தனி மைக்கில் தெரியவும் தெரியாது. பெட்டியில் உள்ள எல்லாக் கேபிளையும் மல்டிமீட்டரில் முனைக்கு முனை பார்த்து, பார்த்ததற்கு மஞ்சள் டேப் சுற்றியாயிற்று.

போலாரிட்டி சரியான பிறகும் தூரம் இருக்கிறது. வலந்தலைச் சத்தம் தொப்பி மைக்குக்குச் சுமார் 60 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது, அதாவது 1.7 மில்லிசெகண்ட் பிந்தி வருகிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கி இரண்டையும் கச்சிதமாக நேர்ப்படுத்தலாம் என்று கை துறுதுறுக்கும். வலந்தலைக்காக நகர்த்தினால் தொப்பி அடி கலையும். இரண்டு தலைக்கும் ஒரே நகர்த்தல் பொருந்தாது. விட்டுவிடுவதே நல்லது.

லெவல்: சோதனைக்கு வாசிக்கச் சொன்னால் யாரும் முழு பலத்தில் வாசிப்பதில்லை. தீர்மானம் (முடித்துவைக்கும் கோர்வை) வரும்போது 6 டிபி (டெசிபல்) ஏறும். சோதனையில் உச்சம் மைனஸ் 14 பக்கம் நின்றால் போதும்.

நவம்பர் 7

"சார், ஏசி போட்டா ஏறுது, நிறுத்தினா இறங்குது. ஏதாவது ஒண்ணு பண்ணுங்கோ." மிருதங்க வித்வான் சுருதி சேர்க்கத் தட்டும் கல்லைக் கீழே வைக்காமல் சொன்னது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஏசி அறையை உலர்த்துகிறது, தோல் இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. ஆலாபனை பதிவின்போது ஏசியின் மூச்சு கேட்கிறது என்று நிறுத்தினால், ஆட்கள் மூச்சும் மழை ஈரமும் சேர்ந்து தோல் தளர்கிறது. விளிம்பில் மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஆனால் டேக்கின் நடுவில் தட்ட முடியாது. தொப்பியில் அப்பிய ரவையும் ஏசியில் காய்ந்து வெடிக்கிறது. காய்ந்தால் எடை குறையும், அடிநாதம் மேலே போகும்.

முடிவாகச் செய்தது: பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே மிருதங்கத்தை உறை கழற்றி அறையில் வைப்பது. ஏசியை நிறுத்தாமல் ஃபேனை ஆகக் குறைந்த வேகத்தில் விட்டு, காற்று மைக் பக்கம் வராதபடி தகட்டைக் கூரைக்குத் திருப்புவது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் 10 நொடி மீட்டையும் தம்புராவையும் சேர்த்துப் பதிவது. எடிட்டில் எந்த டேக் எந்த டேக்கோடு ஒட்டும் என்பதை இந்த 10 நொடி சொல்லிவிடும். ரவைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், முக்கால் மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பது.

நவம்பர் 9

குரல். பெரிய டயாஃப்ரம் கண்டென்சர், 48 வோல்ட் பேண்டம் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்), பாப் ஃபில்டர், வாயிலிருந்து 20 செ.மீ. நெருங்கினால் அடிக்குரல் ஊதிவிடும். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கின் குணம் அது. தரையில் அமர்ந்து பாடுபவர் தாளம் போடும்போது தொடையில் விழும் தட்டு ஸ்டாண்டு வழியே ஏறுகிறது. ஸ்டாண்டை மேடைப் பலகையிலிருந்து இறக்கி, அடியில் மடித்த ஜமுக்காளம் போட்டதும் நின்றது.

ஹெட்போனில் ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவது பாடகர்கள் பலருக்குப் பழக்கம். கழற்றிய பக்கத்திலிருந்து கிளிக்கும் தம்புராவும் ஒழுகி மைக்கில் ஏறும். ஹெட்போன் மிக்ஸை அவர் மாட்டியிருக்கும் காதுக்கு மட்டும் பேன் செய்தால் ஒழுக்கு நின்றுவிடும்.

பஃபர் (கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு) 1024 சாம்பிளில் கிடந்தது. 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட். தன் குரல் பிந்திக் கேட்டால் பாடுபவர் அறியாமலே காலப்பிரமாணத்தை (பாட்டின் வேகம்) இழுப்பார். பதிவுக்கு 64 அல்லது 128, மிக்ஸுக்கு 1024.

நவம்பர் 10

வயலின். சிறிய கண்டென்சர், மேலிருந்து 50 செ.மீ. நெருங்கினால் வில்லின் உரசல்தான் மிஞ்சும். வயலின்காரருக்குப் பாடகியின் முகம் தெரிய வேண்டும். பூத்தின் கண்ணாடி எதிரொளித்ததால் விளக்கை இடம் மாற்ற வேண்டியிருந்தது. வேறு பிரச்சினை இல்லை.

நவம்பர் 12

பஞ்ச் இன். ஒரு சங்கதியை மட்டும் மறுபடி பாட, குறைந்தது ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முன்னோட்டம் தேவை. ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை, நிமிடத்துக்கு 80 என்றால் 6 நொடி. அந்த 6 நொடியும் அவர் கூடவே பாட வேண்டும். சரியாக அந்த இடத்தில் தொடங்கினால் குரலின் திறப்பு வேறாகிவிடும். வெட்டு மூச்சுக்கு முன் விழ வேண்டும், மூச்சுக்குப் பின் அல்ல. கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு அடங்க அடுத்தது எழும் ஒட்டு) 10 மில்லிசெகண்ட்.

நவம்பர் 15

சுருதி திருத்தும் மென்பொருள். ஆட்டோ-ட்யூன் 1997-இல் வந்தது. ஸ்வரம் ஓரிடத்தில் நிற்கும் என்பது அதன் எதிர்பார்ப்பு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைவதுதான் அந்தக் காந்தாரம். திருத்தும் வேகத்தைக் கூட்டிப் போட்டால் மென்பொருள் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி வெட்டும். கைவைத்தே ஆக வேண்டுமென்றால் கையால் திருத்தும் முறையில், நீட்டி நிற்கும் ஸட்ஜ பஞ்சமங்களை மட்டும், சில சென்ட் நகர்த்தலாம். மற்றதற்கு மறு டேக்தான். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நவம்பர் 18

மிக்ஸ். முதலில் எல்லாம் மோனோவில், பிளக்-இன் இல்லாமல், ஃபேடர் மட்டும். அதிலேயே பாட்டு நிற்காவிட்டால் பதிவுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். இந்தச் சுருதியில் மந்திர பஞ்சமமே 147 ஹெர்ட்ஸ்தான். தொப்பியில் அப்படி வெட்டும் எல்லை 40 ஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. 250 பக்கம் குரலில் கொஞ்சம் கலங்கல் இருந்தது, 2 டிபி குறைத்தது போதுமானதாக இருந்தது.

வலந்தலையில் 'கணீர்' என்று ஓர் அதிர்வு மிஞ்சுகிறது என்று குறுகிய ஈக்யூவால் தேடி வெட்டப் போனார் பழகுபவர்களில் ஒருவர். சாதாரணப் பறைத்தோலில் அது சரி. மிருதங்கத்தில் சாதம் இருப்பதால் மேலொலிகள் ஒழுங்கான மடங்குகளில் விழுகின்றன என்று 1920-லேயே சி.வி. ராமன் எழுதியிருக்கிறார். அந்தக் 'கணீர்' ஸட்ஜத்தின் மடங்கு. அதை வெட்டினால் மிருதங்கம் சுருதியில் இல்லாத மாதிரி கேட்கும்.

கம்ப்ரஷர் (உரத்த சத்தத்தை அடக்கும் கருவி): மிருதங்கத்துக்கு 3:1, அட்டாக் (அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 25 மில்லிசெகண்ட். அதைவிட வேகமானால் மீட்டின் முனை மழுங்கும். குரலுக்கு முதலில் ஆட்டோமேஷன் (இடத்துக்கு இடம் ஒலி அளவை ஏற்றி இறக்குவது), பிறகே 3 டிபி கம்ப்ரஷன். வரிசை மாறினால் தம்புராவும் மூச்சும் மேலே ஏறி வரும். சமஸ்கிருத, தெலுங்கு சாகித்யங்களில் ஸகாரமும் ஷகாரமும் அதிகம், அந்தச் சீறலை அடக்கும் டி-எஸ்ஸர் 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம். தமிழ்ப் பாட்டுக்கு அதே அளவு வைத்தால் குரல் மங்கும், பாட்டுக்குப் பாட்டு மாற்ற வேண்டும்.

நவம்பர் 20

கச்சேரியில் ரசிகர் பார்க்கும்படி மிருதங்கம் சற்று இடம், வயலின் சற்று வலம், 25 சதம் போதும். ரிவெர்ப் (எதிரொலி) 1.8 நொடி, அது தொடங்குவதற்கு முன் ப்ரீ-டிலே இடைவெளி 30 மில்லிசெகண்ட். ரிவெர்ப் திரும்பும் சானலில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டாவிட்டால் ஒவ்வொரு கும்கியும் குகைக்குள் விழுந்த மாதிரி இருக்கும். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ரிவெர்பைப் பாதியாக்கியாயிற்று.

நவம்பர் 24

இறுதிச் சத்த அளவு: மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு), ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் தாங்களே குறைத்துவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். ஆலாபனை அடங்கியே இருக்கட்டும், தனி ஆவர்த்தனத்துக்குச் சமமாக ஏற்றவில்லை.

போன் ஸ்பீக்கரில் தொப்பி மறைந்தது. அடியைக் கூட்டிப் பயனில்லை, அந்தச் சிறு ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. தொப்பி சானலில் லேசாக சாச்சுரேஷன் (மேல்மடங்குகளைச் சேர்க்கும் மெல்லிய சிதைவு) போட்டதும் மேல்மடங்குகள் வழியாகக் காது அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

குறுந்தகட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், டிதர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) கடைசியில் ஒரே ஒருமுறை. மூலப் பதிவுகள் மூன்று பிரதி, ஒன்று வேறு கட்டிடத்தில்.