ஹெராக்கிளிசின் கன்னத்தில் ஒரு கோடு

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நான் குடியிருக்கும் பழைய கடைவீட்டின் மாடியில் கிழக்குப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. லெபோ பாசாரில் கடைகள் திறப்பதற்கு முன், அந்தச் சன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு, கேமராவை முக்காலியில் குனியவைத்து, என் கிரேக்க நாணயங்களைப் படமெடுக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தது அலெக்சாண்டர் பெயரில் அடிக்கப்பட்ட வெள்ளித் திராக்மா. எடை சுமார் 4.2 கிராம், அகலம் ஏறத்தாழ நம் ஐந்து சென் காசளவு. முகப்பில் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய கிரேக்கப் புராண வீரன் ஹெராக்கிளிஸ், பின்புறம் கழுகை ஏந்தி அமர்ந்திருக்கும் கடவுள் சியூஸ், அருகே 'அலெக்சாண்டருடையது' என்று பொருள்படும் எழுத்துகள். கி.மு. 323இல் அவர் இறந்த பிறகும் லாம்ப்சகோஸ், கொலோபோன் போன்ற நகரங்களில் இவற்றைத் தொடர்ந்து அடித்தார்கள். என்னுடையதில் கடைசி இரண்டு எழுத்துகள் விளிம்புக்கு வெளியே போய்விட்டன. சம்மட்டியால் அடித்தவனின் கை சற்று விலகிய அந்த நொடி இதில் நிற்பதால், நடுவில் சரியாக விழுந்த நாணயத்தைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

நேராகப் பாயும் ஃபிளாஷ் புடைப்பையெல்லாம் தட்டையாக்கிவிடும். வெளிச்சம் இடது மேற்பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். ஒருமுறை கீழிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்த படத்தைப் பார்த்து, "மாமா, முகம் ஏன் குழியா இருக்கு?" என்று அக்காள் மகன் கேட்டான். வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று நம் கண் பழகியிருப்பதால், மேடு பள்ளமாகத் தெரிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். மிக அருகிலிருந்து படமெடுக்கும் மேக்ரோ லென்ஸில் மூக்கு தெளிந்தால் விளிம்பு மங்கும் என்பதால், இரண்டும் தெளிவாக விழ லென்ஸின் துளையை எஃப் 8க்குக் குறைக்கிறேன்.

வெள்ளியைப் பளபளவென்று தேய்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. முடிச்சுருள்களுக்கிடையே தங்கிய கருமைதான் உருவத்தை எடுத்துக்காட்டுகிறது. ஆனால் பாதுகாப்பில் நான் தவறியதுண்டு: மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு மறந்த ஒரு வெண்கலக் காசில், பினாங்கின் ஈரக்காற்றும் சேர்ந்து, பச்சையாகப் பிசுபிசுப்பு படிந்துவிட்டது. இப்போது எல்லாம் மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில், சிலிக்கா ஜெல்லோடு, காற்றுப் புகாத டப்பாவில் இருக்கின்றன.

படத்தைத் திரையில் பெரிதாக்கியபோது, உருப்பெருக்கியில் நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது: ஹெராக்கிளிசின் கன்னத்தில் மயிரிழை போலப் புடைத்த ஒரு கோடு. அது கீறலன்று, நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் உலோக அச்சில் விழுந்த விரிசல்; அதற்குள் வெள்ளி புகுந்ததால் கோடு புடைத்து நிற்கிறது. இதே அச்சில் அடித்த வேறொரு திராக்மாவில் அந்தக் கோடு நீண்டிருந்தால் அது இதற்குப் பின்னால் அடிக்கப்பட்டது; கோடே இல்லையென்றால் முன்னால். ஏல நிறுவனங்களின் படங்களில் அந்தக் கன்னத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.