கிரனாடாவில் காணாமல் போன 'ஸ்'

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில் இருக்கும் கிரனாடாவுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு வருடம் விழுந்து விழுந்து ஸ்பானிஷ் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். முதல் நாள் பேக்கரியில் அந்த அம்மா சொன்ன விலை ஒரு மண்ணும் புரியவில்லை. அந்தலூசியாக்காரர்கள் சொல்லின் கடைசி 'ஸ்'ஸை விழுங்கிவிடுவார்கள். நன்றி சொல்லும் 'கிராசியாஸ்' இங்கே வெறும் 'கிராசியா'. 'தோஸ்' என்று படித்த இரண்டு, 'தோ' என்று காதில் விழுகிறது. கடைசியில் சில்லறையை உள்ளங்கையில் பரப்பி நீட்டினேன். வேண்டியதை அவரே பொறுக்கிக்கொண்டார், மீதியை மூடி என் விரல்களை மடக்கியும் விட்டார்.

மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. வயிறு பழகவே ஒரு மாதம் ஆனது. ஆனால் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு தட்டு தாபாஸ், அதாவது சிறு தீனி, இலவசம். மாணவர்கள் பாதிப் பேர் அதில்தான் காலம் தள்ளுகிறோம்.

நான் சைவம். கறி வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னேன். ரொட்டிமேல் ஹாமோன் வந்தது, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை. ஏன் என்று கேட்டால், பரிமாறியவர் "இது கறியில்லையே, ஹாமோன்!" என்கிறார். அந்தப் பன்றியிடம் யார் சொல்வது?

நேற்று வகுப்பில் என்னையறியாமல் 'கிராசியா' என்றேன். பக்கத்திலிருந்த மாட்ரிட்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.