எஸ்எஸ்சி சிஜிஎல் இங்கிலீஷ்: மொதல்ல டைம் வார்த்தையைப் புடிங்க

சென்ட்ரல் கவர்மெண்ட் வேலைக்கான சிஜிஎல் எக்ஸாம் ரிசல்ட் வந்துருச்சு, லிஸ்ட்ல நம்பர் இருக்கு, இப்பதான் நிம்மதியா தூங்குறேன். டையர் 2, அதாவது ரெண்டாம் கட்ட எக்ஸாம் இங்கிலீஷுக்கு என்ன படிச்சன்னு நிறைய பேர் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ண முடியல, மொத்தமா இங்கயே போட்டுடறேன். 45 கேள்வி, 135 மார்க், தப்பானா ஒண்ணு போயிடும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒக்காப் ஒக்காப்னு (வார்த்தை அர்த்தம்) சொல்றவங்க சொல்லட்டும், எனக்கு மார்க் குடுத்தது வாக்கியத்துல தப்பைக் கண்டுபிடிக்கற எரர் ஸ்பாட்டிங்தான்.

வாக்கியத்தை முழுசா படிக்கறதுக்கு முன்னாடியே டைம் வார்த்தையைத் தேடுவேன், அவ்ளோதான் டெக்னிக். எஸ்டர்டே, அகோ, லாஸ்ட் இயர், இன் 2019, எது மாட்டினாலும் கண்ணு நேரா வெர்ப்புக்குப் போகணும். 'ஷி ஹேஸ் சப்மிட்டட் த ஃபார்ம் எஸ்டர்டே', காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஏன்னா 'நேத்தே குடுத்திருக்கா'ன்னு நாமளே தினம் பேசுறோம், ஆனா ஹேஸைத் தூக்கினாதான் சரி. சின்ஸ் வந்தா அப்படியே உல்டா. 'ஐ நோ ஹிம் சின்ஸ் 2015' தப்பு, 'ஹேவ் நோன்' வரணும். 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' பாத்தீங்கன்னா யோசிக்கவே வேணாம், ஃபார் போடுங்க.

கோச்சிங்ல ரூல் ரூலா நோட்டு நிறைய எழுத வச்சாங்க, இதுக்கு மட்டும் ஓரமா ரெண்டு வரி. ஃபீஸ் கட்டின கடுப்பு இன்னும் போகல.

பொஸஸிவ் (யாரோடது, எதோடதுன்னு சொல்றது), வேகமா:
- ஹர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ்: அபாஸ்ட்ரஃபி (மேல போடற ' குறி) கிடையவே கிடையாது
- இட்ஸ்ல டவுட்டா, 'இட் இஸ்', 'இட் ஹேஸ்' போட்டுப் பாருங்க, பொருந்தினா மட்டும் அபாஸ்ட்ரஃபி
- ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வீடுன்னா கடைசிப் பேர்ல மட்டும், ஆளுக்கொரு வீடுன்னா ரெண்டுலயும்
- சம்படி எல்ஸ்: அபாஸ்ட்ரஃபி எஸ் 'எல்ஸ்'லதான் வரும்
- உயிரில்லாத பொருளுக்கு ஆஃப், 'த லெக் ஆஃப் த டேபிள்'

கடைசி ரூலை அப்படியே நம்பிடாதீங்க, டைம் வார்த்தைன்னா அது செல்லாது. 'எ டேஸ் லீவ்' சரி, எஸ்ஸுக்கு முன்னாடி அபாஸ்ட்ரஃபி. 'டூ வீக்ஸ் நோட்டீஸ்'ல எஸ்ஸுக்குப் பின்னாடி. அதே மாதிரி 'ஐ ஹேவ் ரெட் எஸ்டர்டேஸ் பேப்பர்'னு வந்தா எஸ்டர்டேயைப் பாத்ததும் ஹேவை வெட்ட ஓடாதீங்க, அங்க அது எப்போ படிச்சேன்னு சொல்லல, எந்த பேப்பர்னுதான் சொல்லுது. நோ எரர்.

கிராமர் புக்கை மொத அட்டையிலேர்ந்து கடைசி அட்டை வரைக்கும் படிக்கற பொறுமை எனக்குக் கிடையாது, இருக்கறவங்க தாராளமா படிங்க. நான் பழைய ஷிஃப்ட் கேள்வி பேப்பரை பிரிண்ட் எடுத்து டைம் வார்த்தைக்கு மட்டும் வட்டம் போட்டுட்டே போனேன், ஆன்சர் கூட அப்புறமாதான்.