வயமெ என்றால் என்ன?

அக்கம்பக்கத்தாரின் கணினிகளைத் திருத்திக் கொடுக்கத் தொடங்கி எட்டு மாதமாகிறது. இதுவரை 19 வந்தன. 14 பிழைத்துக்கொண்டன, மூன்று கைவிட்டுப் போயின, ஒன்று இன்னும் என் மேசையில் கிடக்கிறது. மிச்சமுள்ள ஒன்றை நானே கெடுத்தேன்.

திருகோணமலையில் கணினிகளின் பாதி நோய்க்குக் கடல்தான் காரணம். வாடைக்காற்று மாதங்களில் உப்பீரம் ரேம் எனும் நினைவகப் பலகையின் தொடுமுனைகளில் படிந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் பீப் ஒலி மட்டும் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைக் கழற்றி, முனைகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினால் போதும். திருக்கடலூரிலிருந்து வந்த நான்கும் இப்படித்தான் எழும்பின. மந்திரவாதி என்று பெயர் கிடைத்தது. அழிரப்பரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அடுத்தது கடிகார மின்கலம். பொத்தான் போன்ற 3 வோல்ட் கலம் தீர்ந்தால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று நினைத்து உலாவி கதவைச் சாத்திவிடும். ஒரு அன்ரி, வங்கி தன்னை விலக்கிவிட்டதாக எண்ணி இரண்டு வாரம் தூங்கவில்லை. கலத்தை மாற்றியதற்கு ஒரு கட்டுப் பனங்கிழங்கு கிடைத்தது.

கெடுத்த கதை இது. நண்பர் ஒருவர் தவறுதலாக அழித்த படங்களை மீட்கப் போனேன். அழித்த கோப்பு, அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை வட்டில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவினேன். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களில் பாதி போய்விட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனி மாஸ்டருக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் ஒழுங்கைக்காரர். “தம்பி, நான் எழுதினதெல்லாம் இங்கிலீசாப் போயிற்று” என்று வந்தார். பழைய கணினி இறந்தபின் கோப்புகளைப் புதிதில் ஏற்றியிருக்கிறார்கள். எழுதியது பாமினி எழுத்துருவில். அது உண்மையில் ஆங்கில எழுத்துகளையே சேமித்து, அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாவிட்டால் போர்வை விலகிவிடும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக் கொடுத்தால் பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

மாறியது. ஆனால் ‘வயமெ’ என்றொரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. “வயமெ தீப்பற்றியது”, “வயமெயின் புகை நாள்கணக்கில் நின்றது”. பழைய தமிழாக இருக்குமோ என்று மாஸ்டரிடமே கேட்டேன். அவருக்கும் பிடிபடவில்லை. அகராதியைப் புரட்டினார். இரவில்தான் எனக்கு வெளித்தது. பாமினியில் ‘டி’ விசை வ, ‘ஏ’ விசை ய, ‘என்’ விசை எகரக் கொம்பு, ‘கே’ விசை ம. மாஸ்டர் இடையில் ஆங்கிலத்தில் ‘டாங்க்’ (tank) என்று எழுதியிருக்கிறார். எழுத்துரு மாற்றும் மென்பொருள் அதையும் தமிழாக்கிவிட்டது!

வயமெ என்பது எங்கள் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கி. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட நாளைப் பற்றித் தகப்பனார் சொன்னதையெல்லாம் மாஸ்டர் எழுதி வைத்திருந்தார். ஆங்கிலம் கலந்த இடங்களையெல்லாம் கையால் திருத்த மூன்று மாலை ஆயிற்று. அவர் வாசிப்பார், நான் தட்டச்சுவேன். அடுப்பில் வெந்த சோற்றை அப்படியே விட்டு ஓடியது, திரும்பி வந்தபோது ஆடு மட்டும் முற்றத்தில் நின்றது – இதையெல்லாம் நான் பிறந்து வளர்ந்த ஊரில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. பத்து நிமிடத்தில் முடிந்திருந்தால் கோப்பைக் கொடுத்துவிட்டு எழும்பி வந்திருப்பேன்.

கடைசி நாள் மாஸ்டரின் மனைவி கணவாய்க் கறியோடு சோறு போட்டார். சாப்பிடும்போது மாஸ்டர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே 11 பிளாப்பி வட்டுகள், மூன்றரை அங்குலம். அவருடைய அம்மாவின் பக்கத்துக் கதைகளாம்.

வாசிக்கும் கருவி தேடிக்கொண்டிருக்கிறேன். வட்டுகளில் பூஞ்சணம் இருக்கிறது. இந்த முறை எதையும் தொடுமுன் பிரதி எடுக்க வேண்டும்.